சாவியைப் பெட்டியில் வைத்தது யார்?

“புதுசா கத்துக்கிறவன் கிட்டார்ல கை வைக்கக் கூடாது. கம்பி மாத்தணும்னாலும் கடையில குடு.” தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய எவரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. விற்பவர் சொல்வார், வகுப்பெடுப்பவர் சொல்வார், ஆர்கெஸ்ட்ராவில் இருபது வருடம் லீட் வாசித்த அண்ணன் இன்னும் அழுத்தமாகச் சொல்வார். கூடவே மிரட்டலும் வரும்: நெக் வளைந்துவிடும், அதனுள் ஓடும் ட்ரஸ் ராட் உடைந்துவிடும், அப்புறம் அது அடுப்புக்குத்தான்.

இந்த அறிவுரை தவறு. ‘ஓரளவுக்குத் தவறு’ என்று நான் நழுவப் போவதில்லை. கற்கத் தொடங்கியவர்தான் தன் கிட்டாருக்குத் தானே கம்பி கட்ட வேண்டும். நெக்கையும் கம்பி உயரத்தையும், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் சேடில்களையும் தானே திருத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது.

சென்னையில் உட்கார்ந்து இதை வாதாடினால் வாதம் சப்பென்று போய்விடும். அங்கே ரிப்பேர்க்காரர் ஒரு பஸ் தூரத்தில் இருப்பார். ஒகேனக்கல்லில் வைத்துப் பார்ப்போம். மாவட்டத் தலைநகரான தர்மபுரி 46 கிலோமீட்டர். வழியில் பென்னாகரம், அதற்கும் அருவிக்கும் நடுவே காடும் மலைப்பாதையும். அருவியை ஒட்டிய ஊட்டமலையில் ஒரு கல்லூரி மாணவி ஆன்லைனில் கிட்டார் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் போகும் முன்பே மேல் ஈ கம்பி அறுகிறது. ஆறில் மிக மெல்லியது அது, பெரும்பாலும் 0.009 அங்குலம். அறுந்ததில் அதிசயமில்லை. அறிவுரைப்படி நடப்பதானால், கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டி, காலை பஸ் பிடித்துத் தர்மபுரியில் இறங்கி, ஆள் அகப்படாவிட்டால் சேலமோ பெங்களூருவோ போய், கொடுத்துவிட்டுத் திரும்பி, இன்னொரு நாள் போய் வாங்கி வர வேண்டும். பத்து நிமிட வேலைக்கு! கிட்டார் பரணில் ஏறுவது இப்படித்தான். சோம்பேறித்தனத்தால் பாதியில் விட்டார்கள் என்று வாத்தியார்கள் குறைப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு கம்பி அறுந்ததோடு விட்டவர்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இதே ஊரில் பரிசல் ஓட்டுகிறவர்கள், அடியில் தார் தேய்ந்தால் பரிசலைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டுப் பூசிக்கொள்கிறார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு காவிரிச் சுழலில் இறங்கும் பொருளையே ஓட்டுகிறவர் பராமரிக்கலாம் என்றால், ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசிக்கும் மரப்பலகையில் அப்படி என்ன உயிராபத்து என்று எனக்குப் புரியவில்லை.

தூரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் காற்று. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிடும் மாதங்களில் இங்கே அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, கரையோரமெங்கும் சாரல். கிட்டார் நெக் மரம். மரம் ஈரத்தைக் குடிக்கும். பொதுவாக, ஈரம் ஏறினால் நெக் கம்பிகள் இழுக்கும் பக்கம் கூடுதலாக வளையும். கம்பி பலகையை விட்டு எழும்பி விரல் வலிக்கும். பங்குனி, சித்திரையில் அதே கரையில் பாறை சுடும். மரம் உலரும், நெக் நிமிரும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் பிதுங்கி உள்ளங்கையைக் கீறும். ஆக, கடையில் ஒருமுறை ‘செட்டப்’ செய்து வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. அந்தக் கடையின் ஊர்க் காற்றில், அன்றைய ஈரத்தில் சரியாக இருந்த நெக் அது. இங்கே வந்து இரண்டு மாதம் கழித்து அது வேறு நெக். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்த்துத் திருத்த வேண்டிய வேலையை வெளியூர்க்காரரிடம் ஒப்படைக்கச் சொல்வது, அந்த வேலையைச் செய்யவே வேண்டாம் என்று சொல்வதுதான்.

கை வைக்கக் கூடாது என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. விலை குறைந்த கிட்டாரின் அட்டைப்பெட்டியிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆலன் கீ கிடக்கும். பெரியது ட்ரஸ் ராடுக்கு, சிறியது சேடில்களின் உயரத்துக்கு. அதைப் பெட்டியில் வைத்தது யார்? செய்தவர்கள். யாருக்காக வைத்தார்கள்? டெக்னீஷியனிடம் எல்லா அளவிலும் சொந்தமாகவே இருக்கும். அவருக்கு இது தேவையில்லை. வாங்குகிறவருக்காகத்தான் வைத்தார்கள். செய்தவர் சாவியைக் கையில் கொடுக்கிறார், விற்றவர் பூட்டைத் தொடாதே என்கிறார்.

இந்தக் கருவியின் பிறப்பையே பாருங்கள். ஃபெண்டர் கிட்டார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர் இசைக்கலைஞர் அல்ல. கடைசிவரை கிட்டார் வாசிக்கக் கற்காதவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். ரேடியோவைத் திறந்து, பழுதான பாகத்தைக் கழற்றி, வேறு மாட்டிப் பழகிய மனம் கிட்டாரையும் அப்படித்தான் வடித்தது. வயலின் போலப் பசை போட்டு ஒட்டிய நெக்குக்குப் பதிலாக, நாலு ஸ்க்ரூவில் கழன்று வரும் நெக். 1950இல் வந்த முதல் மாடல்கள் சிலவற்றில் ட்ரஸ் ராட்கூட இல்லை. கெட்டியான மேப்பிள் மரத்துக்கு எதற்கு என்று நினைத்தார்கள். நெக் வளைந்தது, புகார் வந்தது, அதே ஆண்டிலேயே ராட் வைக்க வேண்டியதாயிற்று. அந்த மாடலின் பிரிட்ஜில் மூன்றே சேடில்கள், இரண்டு கம்பிக்கு ஒன்று. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிக்கு ஒன்றாக ஆறு. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தலாம். ட்ரஸ் ராடைத் திருப்ப முதலில் நெக்கையே கழற்ற வேண்டியிருந்தது. 1971 முதல் பல மாடல்களில் அதன் நட்டைத் தலைப்பக்கம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரே திசையில் போகிறது. வாசிப்பவர் தானே, சீக்கிரமாக, சாதாரணக் கருவிகளை வைத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்ற திசையில்.

வாசிப்பவர் அதையும் தாண்டிப் போனதுண்டு. குயீன் குழுவின் பிரையன் மே 1963இல், பதினாறு வயதில், அப்பாவோடு சேர்ந்து தன் கிட்டாரை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் சட்டம். அதிர்வுக் கைப்பிடி இயங்க மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங். கைப்பிடியின் முனையில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. அன்றிலிருந்து மேடையில் பெரும்பாலும் அதைத்தான் வாசித்துவருகிறார். நம் மாணவியை யாரும் கிட்டார் செய்யச் சொல்லவில்லை. ஆறு கம்பியை மாற்றி நாலு இடத்தில் ஸ்க்ரூ திருகத்தான் சொல்கிறேன்.

மிரட்டல்களுக்கு வருவோம். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நெக் கெட்டுவிடும் என்பது முதலாவது. ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் 9 முதல் 42 வரை தடிப்புள்ள மெல்லிய செட் முழுச் சுருதியில் நெக்கை ஏறக்குறைய 38 கிலோ விசையில் இழுக்கிறது. 10 முதல் 46 செட் 46 கிலோ அளவில். எண்ணைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தனி நெக்குகள் கம்பியே இல்லாமல் அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்து விற்பனையாகின்றன, அவை கெட்டுப்போவதில்லை. பலகையைத் துடைத்துப் புதுக் கம்பி கட்டும் ஒரு மணி நேரத்தில் எதுவும் ஆகிவிடாது. நகரும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒவ்வொன்றாக மாற்றுவது வசதி. ஏனென்றால் பின்பக்க ஸ்ப்ரிங்குகள் கம்பிகளோடு இழுபறியில் சமநிலை கொண்டவை. வசதிக்காகச் சொன்னது எப்போதோ விதியாகி, விதி மிரட்டலாகிவிட்டது.

ட்ரஸ் ராட் உடையும் என்பது இரண்டாவது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் பரவியிருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ காப்புரிமை பெற்ற இந்த இரும்புக் கம்பி நெக்கின் உள்ளே ஓடுகிறது. கம்பிகளின் இழுப்பை எதிர்த்து நிற்பது அதன் வேலை. வலப்பக்கம் திருகினால் இறுகி நெக் நிமிரும், இடப்பக்கம் தளர்த்தினால் குழியும். உடைப்பவர்கள் எப்படி உடைக்கிறார்கள்? சரியான அளவில்லாத சாவியைப் போட்டுத் தலையை மழுங்கடிக்கிறார்கள். அல்லது கம்பி உயரத்தைக் குறைக்கும் திருகு அதுதான் என்று நினைத்து, இறுகிய பிறகும் முழுச் சுற்றாகத் திருகுகிறார்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, திருகியபின் சுருதி சேர்த்து அளந்து பார்ப்பது, எதிர்ப்புக் கூடினால் நிறுத்துவது: இந்த மூன்றைக் கடைப்பிடித்தால் போதும். கேஸ் சிலிண்டர் மாற்றுகிற வீட்டில் இதற்குப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். ஒகேனக்கல்லில் அது பழமொழி மட்டுமல்ல, எச்சரிக்கைப் பலகை. ஆனால் கிட்டாரில் ஆழத்தை அளந்து எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால், எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; பரவலான ஃபெண்டர் வகை நெக்குகளுக்கு அந்த நிறுவனமே சொல்லும் அளவு அது. கேப்போவை எடுத்துவிட்டுப் பதினேழாம் ஃப்ரெட்டில் அளந்தால் கம்பி உயரம் 1.6 மில்லிமீட்டர். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, கம்பிக்கும் அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கும் நடுவே: தடித்த ஈ பக்கம் 2, மெல்லிய ஈ பக்கம் 1.6. இதை அளக்கத் தனிக் கருவி தேட வேண்டாம். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் 0.25 தகடு இருக்கும். பென்னாகரத்தில் மெக்கானிக்குக்குப் பஞ்சமா?

வேலையின் வரிசைதான் முக்கியம். அதைச் சொல்லித்தராமல் வெறுமனே பயமுறுத்துவதால்தான் பிள்ளைகள் குழம்பிக் கண்டதைத் திருகுகிறார்கள். முதலில் கம்பி. பழைய கம்பியைத் தளர்த்தாமல் வெட்டாதீர்கள், முகத்தில் அடிக்கும். புதியதைப் பிரிட்ஜ் வழியாக இழுத்து, சுருதி முறுக்கும் தன் கீயைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றரைக் கீ தூரம் மிச்சம் விட்டு வெட்ட வேண்டும். தடித்த மூன்று கம்பிகளை வெட்டும் முன் அந்த இடத்தில் மடக்கிவிடுங்கள். இல்லையென்றால் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய சுருள் உள்கம்பியிலிருந்து நழுவும், ஒரே வாரத்தில் ஒலி செத்துவிடும். கீயில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலேறாமல். பிறகு எல்லோரும் விட்டுவிடும் படி: கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு, இறங்கிய சுருதியை ஏற்றி, மறுபடி இழுத்து, இறங்காமல் நிற்கும்வரை செய்வது. ‘புதுக் கம்பி சுருதியில நிக்காது, மட்டமான கிட்டார்’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள். மீதிப் பேருக்கு, தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் கரியைத் தேய்த்தால் வழுக்கும்.

அதன்பின் நெக், அதன்பின் கம்பி உயரம், அதன்பின் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் பிசகாமல் நிற்பது), கடைசியில் பிக்கப். வரிசை மாறக் கூடாததற்குக் காரணம் எளிது: நெக் அசைந்தால் உயரம் மாறும், உயரம் மாறினால் கம்பியை அழுத்தும்போது இழுபடும் அளவு மாறி இன்டொனேஷன் மாறும். நகரும் பிரிட்ஜ் இருந்தால் நெக்குக்கு முன்பே அதைப் பார்க்க வேண்டும். 9 செட் இருந்த இடத்தில் 10 செட் கட்டினால் பிரிட்ஜின் பின்பக்கம் எழும்பி நிற்கும். ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை இறங்கும். பிள்ளைகள் அழுதே விடுவார்கள். பின்மூடியைக் கழற்றினால் ஸ்ப்ரிங்குகள் மாட்டிய தகட்டில் இரண்டு நீள ஸ்க்ரூ தெரியும். கொஞ்சம் இறுக்கு, சுருதி சேர், மறுபடி இறுக்கு. பொறுமை தேவை, மேதைமை தேவையில்லை.

பிக்கப்பைப் பற்றி ஒரு வரி: கம்பிக்கு நெருக்கமாக வைத்தால் சத்தம் கூடும் என்று மேலே மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. காந்தம் கம்பியையே இழுக்கத் தொடங்கும். மேல் ஃப்ரெட்டுகளில் ஒரு சுரம் இரண்டாகக் கேட்டு அலையும். நெக்கையும் சேடிலையும் நோண்டிப் பயனில்லை, பிக்கப்பை இறக்க வேண்டும்.

வீணையைக் காட்டி மறுப்பவர்கள்தான் என் எதிர்க்கட்சியில் மதிக்கத் தக்கவர்கள். ‘வித்வான்கள்கூட வீணைக்கு மேளம் கட்டத் தச்சரிடம்தானே கொடுக்கிறார்கள்? நேற்று வாங்கியவன் தானே செய்ய வேண்டுமா?’ நியாயமான கேள்வி. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையில் பதிந்திருப்பவை. மெழுகு இளகும், நகரும், சுரம் பிசகும். மெழுகை எடுத்துவிட்டு ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு அதன் இடத்தில் நிறுத்தும் அந்த மேளம் கட்டுதல் பரம்பரைக் கைத்திறன். அதை யூடியூப் பார்த்துச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கியவை. அவை நகரா, நகர்த்தவும் முடியாது. ஆகவே சுரத்தைத் திருத்தும் பொறுப்பு மறுமுனைக்கு, சேடிலுக்குப் போய்விட்டது. அதுவும் ஒரு ஸ்க்ரூவாகப் போய்விட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் ஒரு சுரம்; அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் கம்பியின் நீளம் போதவில்லை, சேடிலைப் பின்னே தள்ளு. இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவா. போனிலுள்ள இலவச டியூனர் செயலி ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிடும். இன்னொன்றையும் வீணைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்: மேளத்தைத் தச்சரிடம் விட்டாலும், பிரடையைத் திருகி அன்றாடம் சுருதி சேர்ப்பதும் அறுந்த தந்தியை மாற்றுவதும் வாசிப்பவர் வேலைதான். கிட்டார் மாணவருக்கு நாம் அந்த உரிமையைக்கூடத் தருவதில்லை.

டெக்னீஷியன் நம்மைவிட நன்றாகச் செய்வாரே என்பது அடுத்த வாதம். அவர் கை சுத்தமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய விரலுக்கு அவர் செய்கிறார்? கோயில் திருவிழா மேடையில் கார்டு மட்டும் அடிக்கிறவருக்குக் கம்பி தாழ்ந்திருந்தால் சுகம். ஸ்வரத்தை வளைத்துக் கமகம் பேசவைக்க நினைப்பவருக்கு அதே தாழ்வு எமன். பலகை அதிகம் வளைந்த பழைய பாணி நெக்கில் கம்பியை நடுப்பக்கம் தள்ளினால் மேல் ஃப்ரெட்டில் இடித்து ஒலி அடைத்துப்போகும். யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிக் கம்பிகள் கொண்ட மேண்டலினை ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதையும் சேர்த்து, கர்நாடக இசைக்குத் தக்கபடி ஆக்கிக்கொண்டார். கருவி வந்தபடியே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த இசை நமக்கு இல்லை. கிட்டாரில் ஆர். பிரசன்னா வாசிக்கும் கமகத்தைக் கேட்டு ஆசைப்படும் பிள்ளைக்குத் தன் கம்பி எவ்வளவு தடிப்பில், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் எப்படிச் சொல்வார்? உயரத்தை அரை மில்லிமீட்டர் ஏற்றி ஒரு வாரம் வாசித்து, இறக்கி இன்னொரு வாரம் வாசித்துத்தான் அது தெரியும். இதற்கு ஒவ்வொரு முறையும் மலையேறிப் போகவா?

‘இந்த நேரத்தில் சாதகம் செய்யலாமே’ என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறிய கம்பியில் எஃப் கார்டு பிடிக்க முடியாமல் தன் விரலைத் திட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை சாதகம் செய்யவில்லை, அவதிப்படுகிறது.

என் கட்சிக்கும் எல்லை உண்டு. அது எங்கே என்று தெரிந்துகொள்வதற்கே முதலில் திருகிப் பார்க்க வேண்டும். ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்துவது, தேய்ந்தவற்றைப் பிடுங்கி மாற்றுவது, நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்துவது, முறுக்கிக்கொண்ட நெக், எவ்வளவு திருகியும் அசையாத ராட்: இவை தேர்ந்த கைக்கு உரியவை. நட்டின் பள்ளம் ஒருமுறை அதிகமாக அராவப்பட்டால் திரும்ப வராது; அதற்கென்று கம்பியின் தடிப்புக்கு ஏற்ற அரங்கள் இருக்கின்றன, வீட்டு அரம் உதவாது. எல்லாப் பிள்ளைகளும் தாமே கம்பி மாற்றிக்கொண்டால் டெக்னீஷியன் பிழைப்பு என்னாவது என்று கேட்கிறார்கள். கம்பி மாற்றித்தான் அவர் பிழைக்கிறார் என்றால் அவர் கைத்திறனுக்கு அது அவமானம்.

ஒன்றும் தெரியாமல் போகிறவர் ‘சத்தம் சரியில்லண்ணே, பாத்துக் குடுங்க’ என்று கிட்டாரை நீட்டுவார். எதைப் பார்த்தார், எதற்குக் காசு கொடுத்தோம் என்று திரும்பி வரும்போதும் அவருக்குத் தெரியாது. ஊட்டமலை மாணவி நெக்கையும் உயரத்தையும் சேடிலையும் தானே திருத்தி முடித்தவள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி சரியாக நிற்கிறது, முதல் ஃப்ரெட்டில் மட்டும் ஜி கம்பி ஏறுகிறது. ஆகவே கோளாறு நட்டில் என்று அவளுக்குத் தெரியும். “நட்டுல ஜி கம்பி பள்ளம் மேல நிக்குது அண்ணா, அத மட்டும் பாருங்க” என்று சொல்லித் தருவாள். அவரும் அதற்கு மட்டும்தான் கூலி கேட்க முடியும்.